இரண்டு எண் போட்ட கல்

மூன்றாவது படிக்கல்லின் வலது ஓரத்தில் இருந்த வெள்ளை நாற்பத்தேழைத் தேய்த்து முடித்துவிட்டு, இடது ஓரத்தில் இருந்த நீல நாற்பத்திரண்டைத் தேய்ப்பதற்காக எழுந்து, கல்லைச் சுற்றி வந்து மறுபடி குத்தவைத்தபோதுதான் ஒச்சம்மாவுக்கு அது உறைத்தது. கையில் கம்பி பிரஷ், பக்கத்தில் தின்னர் ஊற்றிய கொட்டாங்குச்சி. இரண்டு எண்ணும் அவள் கையால் போட்டதுதான். வெள்ளை என்றால் சுவரின் வெளிமுகம், நீலம் என்றால் உள்முகம். நான்கு மாதத்துக்கு முன்னால், காப்பி மூட்டை அடுக்கிவைத்த இந்தப் பழைய கிட்டங்கியின் மேற்குச் சுவரைப் பிரிப்பதற்கு முந்தி, ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்துக்கே திரும்பப் போகவேண்டும் என்று சொல்லி இன்ஜினியர் ஜெசிந்தா மேடம் இரண்டு டப்பா பெயிண்டை அவளிடம் கொடுத்திருந்தார். இப்போது சுவர் எழும்பி நிற்கிறது. எண்களுக்கு வேலை முடிந்துவிட்டது, கிட்டங்கி விடுதியாகப் போகிறது, தங்க வருகிறவர்கள் கண்ணில் அவை படக்கூடாது, அழித்துவிடு என்கிறார்கள். சுவரில் இருந்ததை நேற்றோடு அழித்தாயிற்று. இன்று, வாசல் பாதையில் படியாகப் பதித்திருக்கும் இருபத்துமூன்று நீளக் கற்கள். முதல் இரண்டைத் தேய்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதில் வலது ஓரத்தைப் பார்த்தாள்: மழை தின்று, பாசி கறுத்து, வெயிலில் வெந்த முகம். இடது ஓரத்தைப் பார்த்தாள்: ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த பழைய சுண்ணாம்புப் பொருக்கு, அதன்மேல் புகை. நடுவில் மட்டும் செம்மண் சாந்து ஒட்டிய, வெளிச்சமே காணாத வயிறு. ஒரு முகம் வெளியே மழையில் நின்றபோது மறுமுகம் உள்ளே அறைக்குள் இருந்திருக்கிறது. கை தானாகச் சாண் வைத்தது. மூன்று சாண். சுவரின் தடிமன்? அதுவும் மூன்று சாண், அவளுக்குத் தெரியாததா. அப்படியென்றால் இது சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை குறுக்கே கிடந்த கல், இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருந்த கல். இருபத்துமூன்றும் அப்படித்தான். இருபத்துமூன்றும் இங்கே காலுக்குக் கீழே கிடக்கின்றன, அங்கே சுவரில் ஒன்றுகூட இல்லை. சுவர் இரண்டு தோலாக நிற்கிறது, நடுவில் ஜல்லியும் சாந்தும். அதன் தலையில் இன்னும் முக்கால் மணி நேரத்தில் ஆறு தேக்கு உத்தரங்களில் முதலாவதை ஏற்றப்போகிறார்கள்.

உறைத்த பிறகும் கை நிற்கவில்லை, அது பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது. நீல நாற்பத்திரண்டில் நான்கு போய்விட்டது, இரண்டு மட்டும் பாக்கி. பிறகுதான் நின்றது. இதையும் அழித்துவிட்டால் யாரிடம் எதைக் காட்டுவது? அழித்துவிட்டால் யாரும் எதையும் கேட்கவும் மாட்டார்கள். இந்த இரண்டாவது நினைப்பு முதலாவதின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது, அதைக் கண்டு அவளுக்கே கூசியது. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். வைத்தால் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள் என்று மறுபடி எடுத்துக்கொண்டாள். வெளிமுகம் முந்நூற்றுப் பதினெட்டு, உள்முகம் முந்நூற்று நான்கு. இந்த இரண்டு தொகையும் அவளுக்குத் தன் வயதைவிட நன்றாகத் தெரியும், வயதில்தான் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். வெளிமுகத்துக்கு ஆறு நாள் பிடித்தது, சாரத்தில் ஏறி உட்கார்ந்து, கல்லுக்கு நடுவில், அழகாக, ஏழு என்பதை ஒன்று என்று யாரும் படித்துவிடாதபடி. பிறகு இரண்டு நாள் மழை. பிறகு உள்முகத்துக்கு ஐந்து நாள். வெளியே நின்று போட்டபோது உள்ளே இருப்பது தெரியாது, உள்ளே நின்று போட்டபோது வெளியே போட்டது தெரியாது. சுவர் என்றால் அதுதானே சுவர். ஆலமரம் மாதிரி ஓர் அத்தி அந்தச் சுவரில் வேர்விட்டுப் பிளந்திருந்தது, அதை அறுத்துவிட்டு மேலிருந்து பிரித்து இறக்கினார்கள். வெள்ளை எண் உள்ள கல் முற்றத்தின் இடப்பக்கம், நீல எண் உள்ள கல் வலப்பக்கம், அதுதான் அவள் வேலை, இரண்டு குவியலாகப் பிரித்து அடுக்குவது. நாலாவது வரியில் ஒரு கல் வந்தது. இரண்டு ஆள் தூக்கி வந்தார்கள். ஒரு முனையில் வெள்ளை, மறுமுனையில் நீலம். “இத எங்கிட்டு வைக்க?” என்று அவர்கள் கேட்டதும் அவள் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கல்லுக்கு இரண்டு எண்ணா? இரண்டு தடவை எண்ணிவிட்டேனா?

மற்றவர்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அவளுக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில், பெரிய அதிகாரி வந்த அன்று, “நீதான் நல்லா எண்ணுவியே, எத்தனை பேர் இருக்கீங்கன்னு எண்ணிச் சொல்லு” என்று வாத்தியார் அவளை எழுப்பிவிட்டார். அவள் தன்னிலிருந்து தொடங்கி, எல்லாரையும் விரல் நீட்டி எண்ணி, சுற்றி வந்து, தன்னிலேயே முடித்தாள். முப்பத்திரண்டு என்றாள். முப்பத்தொன்றுதான். “உன்னய ரெண்டு பேருன்னு நெனப்பா?” என்றார் வாத்தியார். அதிகாரி சிரித்தார், அதிகாரியே சிரித்ததால் வகுப்பு சிரித்தது, அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் அவள் கணக்கில் அதுதான் காரணம். அதிலிருந்து எதையும் மூன்று தடவை எண்ணுவாள், ஒரு தடவையும் வாய்விட்டு எண்ணமாட்டாள். அந்த முதல் கல்லை, “அந்தப் பலாமரத்தடியில வைங்க” என்றாள். மேடத்திடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. இரண்டாவது வந்தது, அதுவும் பலாமரத்தடிக்கு. ஏழு, பன்னிரண்டு, இருபத்துமூன்று. ஒவ்வொன்றும் வரும்போது தன் தப்பு ஒன்று கூடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் நோட்டில் எழுதினாள்: வெளி 23 குறைவு, உள் 23 குறைவு. அது பொய்யில்லை. குவியலில் குறையத்தான் செய்தது. “உடைஞ்சிருக்கும்மா, பரவால்ல, புதுசு வெட்டிக்கலாம்” என்று மேடம் கீழே குவாரிக்குப் போன் போட்டு நாற்பத்தாறு கல் அளவு சொல்லி வரவழைத்தார். எல்லா இடமும் நிறைந்தது. முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று நான்கு. கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாள். பிறகு ஒருநாள் மேடம் பலாமரத்தடியில் நின்று, “இது எந்தக் கல்லும்மா? நீளநீளமா சூப்பரா இருக்கே” என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் சுவர் இடுப்பளவுதான். அவள் சொன்னது, “அது எண்ணிக்கையில சேராது மேடம்.” “சேராதா, அப்ப நமக்கு வாசல் படிக்கு ஆச்சு” என்றார் மேடம். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அது தப்பை மறைத்த பேச்சு என்றுதான் அவளுக்குத் தெரியும். தப்பே இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. எண் இரண்டும் சரி. ஒரு கல் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு எண்தான் வரும். சரியாக எண்ணிவிட்டு, சரியாக எண்ணியதற்கு வெட்கப்பட்டு, ஒரு சுவரின் எலும்பை உருவிப் பாதையில் போட்டிருக்கிறாள்.

மேடத்திடம் போகவேண்டும். மேடம் கிட்டங்கிக்குள் போனைக் கையில் பிடித்து நடந்துகொண்டிருக்கிறார், சென்னையில் இருக்கும் முதலாளிக்கு எந்தக் கோணத்தில் நின்றால் உத்தரம் ஏறுவது தெரியும் என்று பார்க்கிறார். மேடம், ஒரு விஷயம். இல்லை, ஒரு விஷயம் என்றால் லீவு கேட்க வருகிறாள் என்று நினைப்பார். மேடம், அந்தப் படிக்கல்லு இருக்குல்ல. அதற்குப் பிறகு என்ன? நாவில் வாக்கியம் பாதிவரை வந்து, கல் தடுக்கின மாதிரி அங்கேயே நின்றது. எழுந்து நாலு எட்டு நடந்தாள். முற்றத்தில் இரண்டு கட்டையின்மேல் முதல் உத்தரம் கிடந்தது, குளிப்பாட்டித் துடைத்த உடம்பு மாதிரி. பஞ்சவர்ணம் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணமும் கூலிக்கு வருகிறவள்தான், ஒச்சம்மாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, முறைக்குக் கொழுந்தன் பெண்டாட்டி. “மதினி, அங்கிட்டே நில்லுங்க,” என்றாள், தலையைத் தூக்காமல், கோபமும் இல்லாமல். “மஞ்சத்துணி கட்டிர்றேன், பெறகு வாங்க.” ஒச்சம்மா நின்றாள். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம், எங்கே நிற்கவேண்டும் என்பது அவளுக்கே தெரியும், யாரும் சொல்லவேண்டியதில்லை, ஆனால் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்த நேரத்தில், இந்த மரத்துக்கு முன்னால் வந்து நின்று, தாலியறுத்தவள் வாயால், சுவர் விழும் என்று சொல்வதா? விழும் என்றுகூட இல்லை, விழலாம். விழலாம் என்பதற்கு ஒருத்தி இவ்வளவு பேரை நிறுத்துவதா? “இந்த வீட்டுக்கு வர்றவக என்னா செய்வாகன்னு தெரியுமா மதினி?” பஞ்சவர்ணம் துணியை முடிந்துகொண்டே சொன்னாள். “பேச மாட்டாகளாம். மூணு நாளு, அஞ்சு நாளுன்னு வந்து, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாயே தொறக்காம உக்காந்திருந்துட்டுப் போவாகளாம். மேடம் சொன்னாக. மனசுக்கு நல்லதாம்ல.” சாரத்தின் மேலிருந்து மேஸ்திரி தங்கமாயன் கேட்டுவிட்டான். “அப்பன்னா மொத ரூம்பு நம்ம அத்தைக்குத்தான். அஞ்சு நாளென்னா, அம்பது வருஷமா இருக்காகல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். ஒச்சம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி நாலு எட்டும் நடந்து வந்து மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்தாள்.

மேற்குச் சுவர் ஓரமாகத்தான் கட்டில்கள் வருகின்றன. மேடம் காகிதத்தில் வரைந்து காட்டியிருக்கிறார், ஆறு கட்டில், தலை மேற்கே. இரண்டு இரண்டு பேராகப் படுத்தால் பன்னிரண்டு. பேசாமல் இருக்க வந்த பன்னிரண்டு பேர். மனசுக்கு நல்லது என்றால் ஆறு வருஷமாகத் தன் மனசு ஏன் இப்படிக் கிடக்கிறது? வத்தலக்குண்டு டாக்டர் வீட்டுக்காரருக்கு முப்பது நாளைக்கு முப்பது மாத்திரை கொடுத்திருந்தார். ரத்தக்கொதிப்பு, ஒருநாள்கூட விடக்கூடாது. பதினெட்டாம் நாள் அட்டையில் பன்னிரண்டு இருக்கவேண்டும், பத்தொன்பது இருந்தது. மூன்று தடவை எண்ணினாள். இருபத்தோராம் நாளும் அதே பத்தொன்பது. கேட்டிருக்கலாம். ஏங்க, மாத்திரை போடலையா? நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் அவரிடம் அவள் எதையும் அப்படிக் கேட்டதில்லை, கேட்டால் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும், ஒரு மனுஷனை எண்ணிப் பார்ப்பது என்ன மரியாதை. ஆகவே அட்டையை எடுத்து அவர் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்க்கிற இடத்தில் ஒன்றை வைப்பது, அதுதான் அவளுக்குத் தெரிந்த பேச்சு. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். மறுநாள் சட்டைப்பையில் வைத்தாள். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த மாதம், குழாயடியில், குடம் பாதி நிறைந்திருக்கும்போது அவர் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று. தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெளிவில்லை, அவர்கள் ஆம் என்று எழுதிக்கொண்டார்கள். இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் வந்தது? பலாமரத்தடியால் வந்தது. அங்கேயும் அதைத்தான் செய்தாள். மேடம் பார்க்கிற இடத்தில் கல்லை வைத்தாள். மேடம் பார்த்தார், படியாக்கிவிட்டார். பார்த்தால் போதாது போலிருக்கிறது, கண் பார்க்கும், ஆனால் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

சரி, விழாமலும் இருக்கலாம். சாந்து பிடித்திருக்கும். நல்ல சாந்து, சுண்ணாம்பு புளிக்கவைத்து, அவளே கலக்கினது, பிசுபிசுவென்று கையைவிட்டுப் போகாது. பத்து வருஷம் நிற்கும். இருபது வருஷம் நின்றால் அப்போது அவள் இருக்கமாட்டாள். ஆனால் பழைய சுவர் அத்திவேர் பிளந்தும் நின்றதே, எதனால் நின்றது? வேர் ஒரு பக்கம் தள்ளினால் அந்த இருபத்துமூன்றும் மறுபக்கத்தை இழுத்துப் பிடித்திருக்கின்றன, அதனால் நின்றது. எந்தக் கொத்தனோ பேர் தெரியாதவன் மூணு வரிக்கு ஒன்று, நாலு வரிக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துக் குறுக்கே போட்டிருக்கிறான். தங்கமாயனுக்குத் தெரியாதா? அவன் வத்தலக்குண்டில் செங்கல் கட்டடம் கட்டுகிறவன், கல் என்றால் செங்கல்லுக்கு மேல் அழகுக்கு ஒட்டுகிற கல்தான் அவனுக்கு. ஆனாலும் மேஸ்திரி இல்லையா. சுவர் இடுப்பளவு இருந்தபோது ஒருநாள் அவன் இரண்டு முகத்துக்கும் நடுவில் கையைவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். எதையோ கேட்கப்போகிறவன் மாதிரி. மேடம், “எண் மாறக்கூடாது மேஸ்திரி, எண்படி போங்க” என்றதும் கையை எடுத்துக்கொண்டான். அப்படியென்றால் அவனுக்கும் தெரியும். தெரிந்தவன் சொல்லட்டுமே. ஏன் எல்லாம் என் தலையில்? இந்த நினைப்பு வந்ததும் ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்ட மாதிரி. பிறகு அதுவும் விலகிவிட்டது. அவன் சந்தேகப்பட்டான், அவ்வளவுதான். எத்தனை கல், எங்கே கிடக்கிறது, எப்படி அங்கே வந்தது என்பது உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். பக்கவாட்டாக நடந்து, உத்தரத்துக்குத் தூரமாகச் சுற்றி, சுவருக்கு வந்தாள். பழைய வடக்குச் சுவரில் பிரஷ் கட்டையால் தட்டினாள்: டக், டக், கெட்டியான சத்தம், அம்மியில் தட்டின மாதிரி. மேற்குச் சுவரில் தட்டினாள். டொக். பானையில் தட்டின மாதிரி இல்லை, அவ்வளவு மோசமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம். முழுசாக இல்லாத ஒன்று முழுசாக இருப்பதுபோல் பேசுகிற சத்தம். மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவையும் தட்டினாள்.

“நல்ல நேரம் போயிட்டிருக்கு, தூக்கலாமா மேடம்?” தங்கமாயனின் குரல். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முதல் உத்தரமாவது இரண்டு சுவரிலும் உட்கார்ந்துவிடவேண்டும், மற்ற ஐந்தும் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். ஜெசிந்தா மேடம் போனை உயர்த்திப் பிடித்தார். “சார், தெரியுதா? இப்ப ஸ்டார்ட் பண்றோம்.” தங்கமாயனும் இன்னும் மூன்று பேரும் சாரத்தில் ஏறி மேற்குச் சுவரின் தலையில் கை வைத்து நின்றார்கள். கீழே நின்றவர்கள் கப்பிச் சங்கிலியை இழுத்தார்கள். கரகரவென்று சங்கிலி இறங்க உத்தரம் கட்டையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, ஆடி, அமைதியாகி, மேலே போகத் தொடங்கியது. மஞ்சள் துணி காற்றில் படபடத்தது. பஞ்சவர்ணம் குலவையிட்டாள். ஒச்சம்மா சுவர் ஓரத்தில் நின்றபடி வாக்கியத்தைத் தேடினாள். மேடம், அந்தப் படிக்கல்லு இருக்குல்ல. மேடம், ஒரு சின்ன சந்தேகம். மேஸ்திரி, கொஞ்சம் பொறுங்க. அவள் வயசுக்குச் சின்னவன் என்றாலும் மேஸ்திரியை அவள் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை, பேரைச் சொன்னதில்லை. உத்தரம் ஆள் உயரம் தாண்டியது. இப்போது யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் மேலே. இன்னும் நாலு முழம். அவள் மனதுக்குள் சங்கிலியின் இழுப்பை எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ண ஆரம்பித்தால் எண்ணி முடிக்கிறவரை பேசவேண்டியதில்லை. பதினொன்று, பன்னிரண்டு. எண்ணி முடிக்கும்போது அது சுவரில் உட்கார்ந்திருக்கும். பதினாலு. அந்த நாலு பேருடைய கால் தெரிகிறது, தங்கமாயனின் இடது பெருவிரலில் நகம் இல்லை. பதினைந்தில் எண்ணுவது நின்றுவிட்டது, அவள் நிறுத்தவில்லை.

“தங்கமாயா, எறங்குடா கீழ.”

சங்கிலி நின்றது. அப்படி ஒரு குரல் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். “என்னாத்தே?” என்றான் தங்கமாயன், ‘டா’வைக் கேட்டதில் பாதி சிரிப்போடு. “எறங்கு. நாலு பேரும் எறங்குங்க. அந்தச் சுவத்துல குறுக்குக் கல்லு ஒண்ணுகூட இல்ல. இருபத்துமூணும் பாதையில கெடக்கு.” “அடி ஆத்தி,” என்று பஞ்சவர்ணம் வாயைப் பொத்தினாள், “குலவ போட்ட வாய் காயறதுக்குள்ள... இத்தன நாளு இல்லாம இப்பவா மதினி வாயத் தொறக்கணும்?” “சும்மா இரு பஞ்சவர்ணம்,” என்றான் தங்கமாயன். அவன் இறங்கவில்லை. குத்தவைத்து, சுத்தியலின் பின்பக்கத்தால் சுவரின் தலையில் ஒரு தடவை தட்டினான். பிறகு ஒரு கம்பியை எடுத்து இரண்டு முகத்துக்கும் நடுவில், இன்னும் இறுகாத ஜல்லிச் சாந்துக்குள் செருகினான். முழங்கை அளவு போயிற்று. குறுக்கே எந்தக் கல்லிலும் இடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிச் செருகினான், அங்கேயும் அதே அளவு. பிறகு அவன் இறங்கினான், மற்ற மூன்று பேரும் அவனுக்கு முன்னாலேயே இறங்கியிருந்தார்கள். “எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மேடம்,” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. “எண்படி போகச் சொன்னீக, போனேன். ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.” ஜெசிந்தா மேடம் பாதையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி பாதையைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை ஒச்சம்மா பார்த்தாள், அந்தப் படியைப் போடச் சொன்னது தான்தான் என்று அந்தப் பெண்ணுக்கும் இப்போது உறைக்கிறது. “மரத்த எறக்குங்க,” என்றார் மேடம், மெல்ல. பத்தே கால் இன்னும் ஆகவில்லை. ஆனாலும் எறக்குங்க என்றதும் இழுத்தவர்கள் மறுபேச்சில்லாமல் இழுத்தார்கள்.

போனில் முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன ஆச்சு, ஏன் நிறுத்தினீங்க, சத்தம் கேட்டுச்சே, யாருக்காவது அடியா? “யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்,” என்றார் மேடம். “சுவர்ல ஒரு பிரச்சினை. மறுபடி பிரிக்கணும். இல்ல சார், முழுசா. கல் கொஞ்சம் இடம் மாறிப் போச்சு. நல்லவேளை, நம்ம ஒச்சம்மா கண்டுபிடிச்சுட்டாங்க.” பிறகு, “அந்த அம்மாவைக் காட்டுங்க, ஒரு நன்றி சொல்லணும்” என்றது போன். மேடம் போனைத் திருப்பி ஒச்சம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். நீட்டும்போது அவர் கண் அவளைப் பார்த்து லேசாக மூடித் திறந்தது. இவ்வளவு போதும்மா, மேற்கொண்டு எதுவும் சொல்லவேண்டாம் என்கிற மாதிரி. சொல்லாவிட்டால் இப்படியே முடிந்துவிடும். கல் இடம் மாறிப் போயிற்று, கல்லில் யார் பேர் எழுதியிருக்கிறது? மேடத்துக்கும் நல்லது, தங்கமாயனுக்கும் நல்லது. ஒச்சம்மா போனின் திரைக்குள் இருந்த கண்ணாடி போட்ட மனுஷனைப் பார்த்தாள், ஓரத்தில் சின்னதாகத் தெரிந்த தன் முகத்தையும் பார்த்தாள். மேடம் சொன்ன கணக்கு சரியாக வரவில்லை. ஒரு பாதி குறைகிறது. “கண்டுபிடிச்சது நான்தாங்க,” என்றாள். “அந்தக் கல்லத் தள்ளி வச்சதும் நான்தான். எண்ணிக்கையில சேராதுன்னு மேடத்துக்கிட்டச் சொன்னதும் நான்தான்.” மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சவர்ணம் ஏதோ முனகினாள். போனில் இருந்தவர் பதில் சொன்னார், உத்தரம் இறங்குகிற சங்கிலிச் சத்தத்தில் அது காதில் விழவில்லை. திட்டினாரோ, வேலையை விட்டுப் போ என்றாரோ, வேறு எதுவுமோ.

“என்னங்க சொன்னீங்க?” என்று ஒச்சம்மா கேட்டாள், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி. “கேக்கல. மறுபடி சொல்லுங்க.”